இரவல் முழக்கம்

1

ஒரு குரல் காதில் விழும்போது இரண்டு விஷயங்கள் சேர்ந்து விழுகின்றன. ஒன்று குரல். மற்றது அந்தக் குரல் நிற்கிற இடம். கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிறவனையும் மொட்டை மாடியிலிருந்து கூப்பிடுகிறவனையும் கண்ணை மூடிக்கொண்டே நாம் பிரித்தறிந்துவிடுகிறோம். பழந்தமிழில் சிலம்பு என்றால் மலை. சிலம்புதல் என்றால் ஒலித்தல், எதிரொலித்தல். ஒலிக்கும் அதைத் திருப்பித் தருகிற மலைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருந்த மொழி இது. இந்த மொழியில் இன்று ரிக்கார்டு செய்யப்படும் பாட்டுக்கு மலையும் கிடையாது, அறையும் கிடையாது. அதற்கான இடம் பிற்பாடு, பெரும்பாலும் வேறொருவரால், பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டப்படுகிறது.

தமிழ் சினிமாவின் சரித்திரத்தை எழுதியவர்கள் யார் நடித்தார், யார் பாடினார், என்ன ராகம் என்பதையெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பாட்டு எந்த அறையில் நின்றது, அந்த அறை பாட்டுக்கு என்ன செய்தது என்று கேட்ட கட்டுரை எதையும் நான் படித்ததில்லை. சிறுபத்திரிகையில் எக்கோ மெஷினுக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். கவிதையில் யார் பேசுகிறான், எங்கே நின்றுகொண்டு பேசுகிறான் என்று நாற்பது ஐம்பது வருஷங்களாகச் சர்ச்சை செய்து வருகிறவர்களுக்கு இந்தக் கேள்வி அந்நியமாக இருக்க நியாயமில்லை.

என் வாதம் இதுதான். சென்னையின் பாட்டு மூன்று முறை வெட்டுப்பட்டிருக்கிறது. முதலில் குரல் உடலிலிருந்து வெட்டப்பட்டது. பிறகு இடத்திலிருந்து வெட்டப்பட்டது. மூன்றாவதாக, இடமே அதன் இடத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டு எண்களாகச் சேமிக்கப்பட்டது. முதல் வெட்டைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். மற்ற இரண்டையும் நாம் கவனித்ததாகவே தெரியவில்லை.

2

1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அறையில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. சொன்ன சொல் அடங்குவதற்கு ஐந்தரை விநாடி ஆயிற்று. அதற்குள் அடுத்த பத்துப் பதினைந்து சொற்கள் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தன. இதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியருக்கு வந்தது. அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரி வேளைகளில் சுமந்துவந்து போட்டு, ஓர் ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஒலி சாகிற நேரத்தை அளந்தார். அறையின் கொள்ளளவு கூடினால் முழக்கம் நீள்கிறது, ஒலியை உறிஞ்சுகிற பொருள் கூடினால் குறைகிறது. இந்த எளிய உறவை அவர் சூத்திரமாக எழுதினார். 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பனி ஹால் அந்தச் சூத்திரத்தைக்கொண்டு கட்டியது.

நம் கோயில் மண்டபத்தைக் கட்டியவனுக்குச் சூத்திரம் தெரியாது, ஆனால் கருங்கல் தெரியும். கருங்கல் ஒலியை உறிஞ்சுவதில்லை, திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அங்கே நாகஸ்வரத்தின் நீண்ட ஆலாபனை நிற்கும், அதிவேக ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழம்பும். சபா ஹாலில் நிலைமை நேர் எதிர். டிசம்பரில் நாற்காலிகள் நிரம்பியதும் பட்டுப் புடவையும் பருத்தி வேஷ்டியும் ஒலியைக் குடித்துவிடுகின்றன. மியூசிக் அகாடமியின் இப்போதைய அரங்கத்துக்கு 1955இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1962இல் திறந்தார்கள். ஹால் காலியாக இருக்கும்போது ஒரு ஒலி, நிரம்பியிருக்கும்போது வேறு ஒலி என்பது மாலைக் கச்சேரிக்குச் சீக்கிரம் போய் உட்கார்கிற ரசிகனுக்குத் தெரியும்.

மண்டபத்தை விட்டு ஹாலுக்கு வந்த சங்கீதம் முற்றிலும் வெறுங்கையோடு வரவில்லை. தம்புரா கூட வந்தது. தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியில் சொருகுகிற நூலை ஜீவா என்கிறார்கள். அது சரியாக உட்கார்ந்தால் ஒரு மீட்டு அடுத்த மீட்டு வரும்வரை விரிந்துகொண்டே இருக்கும். பாடகன் மூச்சு வாங்குகிற இடைவெளியில் காலி விழாமல் பார்த்துக்கொள்கிறது. தம்புராவைக் கையில் எடுத்துப்போகிற மண்டபம் என்றே சொல்லலாம். வைணிகர் மீட்டி விட்ட ஸ்வரம் நீண்டு நிற்பதற்குக் கார்வை என்று ஒரு தனிச் சொல் நம்மிடம் உண்டு. முழக்கத்தை இசைக்கு வெளியே வைத்து யோசிக்காத மரபு இது.

3

முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' 1931இல் பம்பாயில் எடுக்கப்பட்டது. சென்னையில் 1934இல் ஏ. நாராயணன் ஸ்ரீநிவாஸா சினிடோனை ஆரம்பித்தபோதுதான் ஒலிப்பதிவுக் கருவி இந்த ஊருக்கு வந்தது. அங்கே ஒலிப்பதிவு செய்தவர் அவர் மனைவி மீனாட்சி. அன்று நடிகர் பாட வேண்டும், பாடிக்கொண்டே நடிக்க வேண்டும், மைக் எங்காவது மறைந்திருக்க வேண்டும். குரல், உடல், இடம் மூன்றும் ஒரே பிலிமில் ஒரே கணத்தில் பதிந்தன. செட்டின் தட்டி உதறுவதும் சேர்ந்து பதிந்திருக்கும்.

1938இல் வந்த 'நந்தகுமார்' படத்தில் லலிதா வெங்கட்ராமன் திரைக்குப் பின்னாலிருந்து இன்னொருவருக்காகப் பாடினார். 1945இல் 'ஸ்ரீவள்ளி'யில் குமாரி ருக்மணியின் வாயசைவுக்குப் பி. ஏ. பெரியநாயகியின் குரல் பொருத்தப்பட்டது. இரண்டும் ஏ. வி. மெய்யப்பனின் படங்கள். இது முதல் வெட்டு. பின்னணிப் பாடகர் என்ற ஜாதி இதில்தான் பிறந்தது.

இரண்டாவது வெட்டுக்குத் தேதி சொல்ல முடியாது. உடலை விட்டுவிட்ட குரலுக்கு ஒரு தனி அறை தேவைப்பட்டது. அந்த அறை குரலில் எதையும் சேர்க்காத அறையாக இருக்க வேண்டும் என்று பொறியாளர்கள் விரும்பினார்கள். சுவரில் துளைப் பலகை, அதன் பின்னால் பஞ்சு, தரையில் கம்பளம். ரேடியோவுக்கும் இதே தேவை இருந்தது. 1938 ஜூன் 16 அன்று தொடங்கிய சென்னை வானொலி நிலையம் 1954இல் கடற்கரைச் சாலையில் சாந்தோம் பக்கத்துக் கட்டடத்துக்கு வந்தது. அலை கூப்பிடு தூரத்தில், ஸ்டுடியோவுக்குள் மட்டும் ஒரு நிசப்தம். இப்படிப்பட்ட அறையை ஸ்டுடியோக்காரர்கள் 'டெட்' என்பார்கள். செத்த அறைதான். அதில் கைதட்டிப் பார்த்தால் தட்டியது நாம்தானா என்று சந்தேகம் வரும்.

அறையைக் கொன்றபின் அதற்கு உயிர் வரவழைத்தாக வேண்டும். இந்த நூற்றாண்டுக் கலைகள் பலவற்றிலும் இதே கதைதான். முதலில் சுத்தம், பிறகு சுத்தத்தின் வறட்சி, பிறகு செயற்கையாக ஈரம்.

4

உயிர் வரவழைக்க உலகம் கண்ட உபாயங்கள் நான்கு.

ஒன்று, இன்னொரு அறை. காலியான அறையில் ஒலிபெருக்கியை வைத்துக் குரலை ஓடவிட்டு, அதே அறையில் மூலையில் உள்ள மைக்கால் அதைத் திரும்பப் பிடிப்பது. 1947இல் பில் புட்னம் என்ற அமெரிக்க ஒலிப்பதிவாளர் இதற்காக ஸ்டுடியோவின் குளியலறையைப் பயன்படுத்திக்கொண்டார்.

இரண்டு, சுருள்வில். இதன் பூர்வகதை வேடிக்கையானது. நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பியில் பேச்சு தாமதித்துத் திரும்பிவரும் தொல்லையை ஆராய, பெல் ஆய்வகத்தில் ஸ்ப்ரிங்கை வைத்து அந்தத் தாமதத்தைப் போலி செய்தார்கள். அதை லாரன்ஸ் ஹாமண்ட் எடுத்துத் தம் மின் ஆர்கனுக்குள் 1939இல் வைத்தார். ஒரு கோளாறைப் படிக்கச் செய்த கருவி அலங்காரமாகிவிட்டது. அதன் வேலை இவ்வளவுதான்: ஒலி மின்சாரமாக வந்து ஒரு சிறு காந்தத்தை அசைக்கிறது, அசைவு ஸ்ப்ரிங்கின் வழியே ஓடி மறுமுனையில் மோதித் திரும்புகிறது, மறுபடி ஓடுகிறது. எல்லா ஸ்தாயியும் ஸ்ப்ரிங்கில் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதனால் சட்டென்று அடிக்கிற ஒலிக்கு ஒரு வழுக்கல் சப்தம் வால்போல் ஒட்டிக்கொள்ளும். நீளமாக இழுக்கிற குரலை ஸ்ப்ரிங் காப்பாற்றிவிடும். மிருதங்கத்தின் ஒற்றைச் சாப்பு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்று, தகடு. 1957இல் ஜெர்மனியில் இஎம்டி நிறுவனம் செய்தது. இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரம், அரை மில்லிமீட்டர் கனம் உள்ள எஃகுத் தகட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி அதிரவிடுவது.

நான்கு, டேப். டேப் ரிக்கார்டரில் பதிகிற தலை ஒன்று, படிக்கிற தலை ஒன்று, இரண்டுக்கும் நடுவே சில சென்டிமீட்டர் தூரம். அந்தத் தூரத்தை டேப் கடக்க ஆகும் நேரம்தான் தாமதம். விநாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடுகிற டேப்பில் 5 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் 0.13 விநாடி. வேகத்தைப் பாதியாக்கினால் 0.26. படித்ததை மறுபடி பதியவிட்டால் மறுபடி மறுபடி வரும்.

இந்த நான்காவது உபாயம் மயிலாப்பூர்க்காரனுக்குப் புதிதல்ல. பங்குனி உற்சவத்தில் மாட வீதிகளில் வரிசையாகக் கட்டும் குழாய் ஒலிபெருக்கிகளை நினைத்துப் பாருங்கள். எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில்தான் பேசுகின்றன. ஆனால் சென்னையின் வெயிலில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 347 மீட்டர்தான் போகும். பக்கத்துக் குழாய் பேசியது முதலில் வரும், அதற்கு 50 மீட்டர் அப்பால் உள்ள குழாய் பேசியது ஏழில் ஒரு பங்கு விநாடி கழித்து வரும், அதற்கும் அப்பாலிருப்பது இன்னும் கழித்து. ஓதுவார் ஒருவரே, ஆனால் தெரு முழுக்க ஓதுவார்கள். 50 மீட்டர் தெருவைச் சுருட்டினால் ஐந்தரை சென்டிமீட்டர் டேப்பில் அடங்கிவிடுகிறது.

டேப் எதிரொலிக்கு இன்னொரு குணம் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் உச்ச ஒலிகள் கொஞ்சம் தேயும், டேப் ஓட்டத்தின் நடுக்கம் சுருதியைக் கொஞ்சம் அசைக்கும், அழுத்திப் பதிந்தால் கரகரப்பு ஒன்று ஏறும். முதல் எதிரொலி மூலத்தைப் போலிருக்கும், ஐந்தாவது வேறொன்றாகியிருக்கும். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதியவர்கள் விட்ட பாடபேதங்களைப் போன்றது இது. கெட்டுக்கொண்டே வருகிறது, அதனாலேயே ஒவ்வொரு பிரதியும் தனிப் பிரதி.

1974இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 'ஸ்பேஸ் எக்கோ' என்ற பெட்டியை வெளியிட்டது. சுற்றி ஓடும் டேப்பும் சுருள்வில்லும் அதில் ஒருங்கே இருந்தன. இடத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம் என்றாயிற்று.

5

கருவி எங்கிருந்து வந்தாலும் அதற்கு அர்த்தம் கொடுத்தது இந்த ஊர்தான். தமிழ்ப் படத்தில் எதிரொலி யாருக்குக் கிடைக்கிறது என்று கவனித்தால் ஒரு பட்டியல் தேறும். அசரீரிக்கு உண்டு. கண்ணாடிக்குள்ளிருந்து கதாநாயகனைக் கேள்வி கேட்கும் மனசாட்சிக்கு உண்டு. செத்துப்போன அம்மாவுக்கு, பூர்வ ஜன்மத்துக் காதலிக்கு, கோர்ட்டில் தீர்ப்பு சொல்லும் நீதிபதியின் கடைசி வார்த்தைக்கு உண்டு. 1963இல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சம் மறப்பதில்லை' மறுபிறவிக் கதை. விஸ்வநாதன்-ராமமூர்த்தியின் இசையில் அதன் தலைப்புப் பாடலின் ஹம்மிங் நிகழ்காலத்திலிருந்து வரவில்லை என்று கதை தெரியாதவனுக்கும் தெரியும். அங்கே முழக்கம் அறையின் அளவைச் சொல்லவில்லை, காலத்தின் தூரத்தைச் சொல்லுகிறது. மேற்கே எதிரொலியை உற்சாகத்துக்கும் நடனத்துக்கும் பயன்படுத்தினார்கள். மெம்பிஸ் நகரத்தின் சன் ஸ்டுடியோவில் 1954இல் எல்விஸ் பிரஸ்லியின் குரலுக்குக் கொடுத்த டேப் எதிரொலி ஒரு துள்ளல். நம்மிடம் அது இறந்தவர்களின், தெய்வங்களின் இலக்கணமாக ஆயிற்று. கோயில் கல் மண்டபத்தில் கேட்ட குரலின் ஞாபகம் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மெல்லிசைக் குழுக்கள் வந்தபோது இந்த இலக்கணம் தெருவுக்கு இறங்கிற்று. மைக்செட்காரரிடம் "எக்கோ கொஞ்சம் ஏத்துங்கண்ணே" என்று கேட்காத மேடைப் பாடகன் இல்லை. ரிக்கார்டில் கேட்ட இடத்தை மேடையில் கேட்டால்தான் ரசிகன் அதே பாட்டு என்று ஒப்புவான். இடம் இப்போது பாட்டின் அங்கமாகிவிட்டது, பாடுகிறவன் நிற்கிற இடத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. சபாக்களிலும் இந்தப் பழக்கம் புகுந்து பல வருஷமாகிறது. வாத்தியத்துக்குள் கார்வை உள்ள சங்கீதத்துக்கு மேலே இன்னொரு கார்வையைப் பூசுகிறார்கள். அடுத்த ஸ்வரம் முளைக்க இடமில்லாமல் போகிறது.

பழைய ரிக்கார்டிங் தியேட்டரில் ஐம்பது பேர் கூடி ஒரே மூச்சில் வாசித்தபோது, எவ்வளவு பஞ்சு அடித்தாலும், அந்த ஐம்பது பேர் மூச்சுவிட்ட ஒரு பொதுவான இடம் இருந்தது. வயலினின் ஒலி கொஞ்சம் பாடகரின் மைக்கிலும் விழுந்தது. 1989இல் ஏ. ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் வீட்டோடு கட்டிக்கொண்ட ஸ்டுடியோவிலிருந்து 1992இல் 'ரோஜா' வந்தபோது அதுவும் போயிற்று. குழல்காரர் ஒருநாள் வாசித்துவிட்டுப் போவார், பாடகி இன்னொரு நாள் இரவில் வருவார். இவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே வெளியில் நிற்பதாக நமக்குக் கேட்டதென்றால், அதை உண்டாக்கியது கலவை மேஜை. அந்த மேஜைக்குப் பின்னால் இருந்த எச். ஸ்ரீதர் 2008இல் காலமானார். தேசிய விருது பலமுறை வந்தது. அவருடைய வெளியைப் பற்றி ஒரு பாரா விமர்சனம்கூட என் கண்ணில் படவில்லை.

6

மூன்றாவது வெட்டு 1999இல் நடந்தது. அந்த வருஷம் ஸோனி நிறுவனம் ஒரு பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் 1976 முதலே எண்முறை முழக்கப் பெட்டிகள் இருந்தன; ஆனால் அவை எங்கும் இல்லாத அறைகளைக் கணக்குப் போட்டு உண்டாக்கியவை. இந்தப் பெட்டி இருக்கிற அறையைப் பிடித்துவந்தது.

முறை எளிது. மண்டபத்தில் ஒரு பலூனை உடை, அல்லது கீழ் ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயிவரை ஏறும் ஒரு சீழ்க்கையை ஒலிபெருக்கியில் விடு. அறை சொல்லும் பதிலைப் பதிந்துகொள். மூன்று விநாடி முழக்கம் என்றால், விநாடிக்கு 48,000 வீதம் 1,44,000 எண்கள். அந்த மண்டபம் அந்தப் புள்ளியில் நிற்பவனுக்குச் செய்யக்கூடியது அவ்வளவும் இந்த எண்களுக்குள் இருக்கிறது. பிறகு எந்தக் குரலையும் இந்த எண்களோடு பெருக்கிக் கூட்டினால் அது அந்த மண்டபத்தில் நிற்கும். அறைக்குச் செய்வதை ஸ்ப்ரிங் பெட்டிக்கும் தகட்டுக்கும் செய்யலாம். செய்திருக்கிறார்கள். உடைந்துபோன பழைய ஸ்ப்ரிங்குகளின் பதில்கள் இன்று கம்ப்யூட்டரில் வரிசையாக அடுக்கிக் கிடக்கின்றன.

சில வருஷங்களாகத் தி. நகரில் ஒரு நண்பரின் சிறிய ஸ்டுடியோவில் உட்கார்ந்து கேட்டு வருகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்ப்ரிங்கின் சாம்பிள் உண்மையான ஸ்ப்ரிங்குக்கு மிக அருகில் வருகிறது, அந்த வழுக்கல் சப்தம் உட்பட. டேப்பின் சாம்பிள் வருவதில்லை. காரணம் உண்டு. ஒரே கேள்விக்கு எப்போதும் ஒரே பதில் சொல்கிற பொருளைத்தான் இப்படிப் பிடிக்க முடியும். மெதுவாகக் கேட்டாலும் உரக்கக் கேட்டாலும் பதில் அதே அளவில் கூடிக் குறைய வேண்டும், நேற்றும் இன்றும் பதில் மாறக் கூடாது. ஸ்ப்ரிங் பெரும்பாலும் அப்படிப்பட்ட சாது. டேப் அப்படியல்ல. உரக்கக் கேட்டால் அது கலங்குகிறது, ஒரு நொடி போல் மறுநொடி ஓடுவதில்லை. ஒரு கணத்தை எடுத்து எல்லாக் கணத்துக்கும் வைத்தால் பாடபேதங்கள் எல்லாம் ஒழிந்து ஒரே பாடம் திரும்பத் திரும்ப வருகிறது. இதற்காக டேப்பின் தடுமாற்றத்தைத் தனியாகக் கணக்கிட்டுப் போலி செய்யும் மென்பொருள்கள் வேறு வந்திருக்கின்றன. தப்பைத் தப்பாமல் செய்யக் கற்றுக்கொண்டோம்.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. நண்பரின் கம்ப்யூட்டரில் உள்ள பட்டியல்களை முழுக்கப் படித்தேன். ஐரோப்பியத் தேவாலயங்கள், கச்சேரி அரங்குகள், அமெரிக்க ஸ்டுடியோக்கள், ஜெர்மன் தகடுகள், கிதார் பெட்டிகளின் ஸ்ப்ரிங்குகள். நம் ஊர்க் கல் மண்டபம் ஒன்று அவற்றில் இல்லை. கபாலியைப் பற்றிய பாட்டை ஒரு பெண் பஞ்சு அடித்த பத்தடி அறையில் பாடிவிட்டுப் போனாள். அவளை ஏதோ ஒரு வடநாட்டுத் தேவாலயத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம். கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. கோயில் நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது.

கோயிலாவது இருக்கிறது. ஜெமினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் ஹோட்டல். விஜயா வாஹினி இருந்த இடத்தில் ஆஸ்பத்திரியும் கடைவளாகமும். அடையாறு சத்யா ஸ்டுடியோ இருந்த இடத்தில் பெண்கள் கல்லூரி. 2020இல் இளையராஜா பல பத்தாண்டுகளாக வேலை செய்த பிரசாத் ஸ்டுடியோ அறையை விட்டு வெளியேறியபோது வழக்கும் செய்தியும் நிறைய வந்தன. இசைக் குறிப்புகள், வாத்தியங்கள், விருதுகள் பற்றியெல்லாம் பேசினார்கள். அந்த அறையின் பதில் ஒரு சொத்து என்று யாராவது பேசியதாக நான் பார்க்கவில்லை.

போன அறைகளைப் பழைய பாட்டுகளிலிருந்து மீட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்டார். முடியாது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டில் குரலும் அறையும் பாலும் நீருமாகக் கலந்துவிட்டன. கலப்பதற்கு முன்பிருந்த வெறும் குரல் தனியாகக் கிடைத்தால் அறையைக் கணக்கிட்டுப் பிரிக்கலாம். அது பதியப்படவே இல்லை. அன்னப் பட்சி கதையில்தான் உண்டு.

சாம்பிள் என்பது அறை ஆகாது, எனக்கும் தெரியும். ஒரு புள்ளியில் ஒரு கணம் நின்ற சாட்சி அது. ஆனால் ஓலை அழிந்தபின் மூலபாடம் பற்றிச் சண்டை போடுவதைவிட, அழிவதற்குமுன் ஒரு பிரதி எடுத்துவைப்பது நல்லது என்பதை நாம் ஏட்டு விஷயத்தில் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டவர்கள். இதற்கு ஸ்தாபனமோ மானியமோ தேவையில்லை. ஒரு பலூன், ஒரு ஊசி, ஒரு சுமாரான ரிக்கார்டர், விடியற்காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால் பத்து நிமிஷம். ஏதேனும் ஒரு சபா தன் ஹாலை இடித்துக் குளிர்சாதன வசதியோடு கட்டப்போவதாக அறிவித்தால், வாழ்த்துக் கடிதம் எழுதுகிறவர்களில் ஒருவராவது அதற்கு முந்தின வாரம் பலூனோடு போய்வர வேண்டும். உடைத்த இடத்தையும் தேதியையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்தால் இன்னும் உத்தமம்.